இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளில் கிளிநொச்சியிலிருந்து கதிர்காமம்: பின்சில்லுக்கும் செயினுக்கும் வழி சொல்லுங்கள்

இரணைமடு_அண்ணன்

வணக்கம். வருகிற ஆடி மாதம் நானும் தம்பியும் கதிர்காமத்துக்குச் சைக்கிளில் போகிறோம். ஒரே சைக்கிள், இரண்டு சீற், நாலு பெடல். இங்கிலீசில் டாண்டம் என்பார்கள். எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகள் 'ரயில்' என்கிறார்கள்.

தம்பிக்குக் கண் தெரியாது. 2009 இல் போனது. அதைப் பற்றி இங்கே கதைக்க வேண்டாம், சில்லைப் பற்றிக் கதைப்போம்.

பாதை இதுதான். ஏ9 இல் வவுனியா, ஹொரவப்பொத்தானைப் பக்கமாகத் திருகோணமலை, கிண்ணியா, மூதூர், வாகரை, மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, புத்தல, கதிர்காமம். ஏறத்தாழ 550 கிலோமீற்றர். ஒன்பது நாள் வைத்திருக்கிறோம்.

இரண்டு பழைய ஸ்டாண்டர்ட் சைக்கிளை வெட்டி ஒரு ஒட்டுக்கடையில் ஒன்றாக்கினோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வரலாம் என்று பரீட்சைக்குப் போனோம். போகும்போதே தம்பியின் இடப்பக்கப் பெடல் கழன்று விழுந்தது. பூட்டினேன். திரும்பும்போது மறுபடியும் கழன்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்சீற் குழாய் கீழே ஒட்டியிருக்கிற இடத்தில் பெயின்ற் மயிர்க்கோடாக வெடித்திருக்கிறது. பின்சில்லில் மூன்று கம்பி இல்லை.

ஒட்டுக்காரரைக் குறை சொல்ல வரவில்லை, அவர் செய்கிற வேலை கேற்றும் யன்னல் கிறிலும். நான்தான் விளக்கமில்லாமல் கொடுத்தேன். திரும்பச் செய்வதென்றால் எங்கேயிருந்து தொடங்கலாம்?

---

ஓமந்தைச்_சந்தி

பேசாமல் பஸ் எடுங்கள்.

---

பழைய_ரலி

தம்பி, பஸ்ஸில் போகச் சொல்கிறவருக்குக் காது கொடுக்காதீர்கள். மல்லாவியில் நாற்பது வருடமாகச் சைக்கிள் கழுவிப் பூட்டுகிறேன். நீங்கள் எழுதியதை வாசித்ததும் பெடல் ஏன் கழன்றது என்று விளங்கிவிட்டது.

உங்கள் முன் கிராங்கையும் (பெடல் பூட்டுகிற இரும்புக் கை) பின் கிராங்கையும் தொடுக்கிற செயின் இடப்பக்கம்தானே ஓடுகிறது? ஸ்டாண்டர்ட் சைக்கிளில் பல்லுச்சக்கரம் உள்ள கிராங்க் வலப்பக்கத்துக்கு மட்டும்தான் வரும். ஆகவே இடப்பக்கத்துக்கும் வலக் கிராங்கையே போட்டிருப்பார். வலப் பெடலுக்கு வலப்புரி, இடப் பெடலுக்கு இடப்புரி. அந்தக் காலத்தில் யோசித்துத்தான் அப்படி வைத்தான். மிதிக்க மிதிக்கப் பெடல் தன்பாட்டில் இறுகுகிற பக்கத்துக்கே புரி இருக்கும். வலக் கிராங்கை இடப்பக்கம் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் அது தன்னைத் தானே கழற்றும். இறுக்கிப் பயனில்லை, சொலுசன் பூசியும் பயனில்லை.

கொட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிடிக்கிற ஆப்பு) அடிக்கிற கிராங்கையும் விடுங்கள். ஒருவர் மிதிக்கவே அந்தப் பின் தேயும், இரண்டு பேர் என்றால் கிழமைக்கு ஒன்று மாற்ற வேண்டும்.

வழி இருக்கிறது. எல்லாச் செயினையும் வலப்பக்கத்திலேயே ஓட விடுங்கள். மவுண்டன் சைக்கிளில் மூன்று பல்லுச்சக்கரம் உள்ள மலிவான கிராங்க் வருகிறதே, 24, 34, 42 பல். அதில் ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டிலும் வெளியே இருக்கிற 42 ஐ ஒரு செயினால் தொடுங்கள். இரண்டும் ஒரே கிராங்க் என்பதால் செயின் நேர்கோட்டில் நிற்கும். பின் கிராங்கின் நடு 34 இலிருந்து பின்சில்லுக்கு மற்றச் செயின். இடப் பெடல் இடக் கிராங்கிலேயே இருக்கும்.

சட்டத்துக்கு நாளைக்கு எழுதுகிறேன், இப்போது ஒரு டிரக்டர் ரியூப் வந்திருக்கிறது.

---

பனிக்குள்_வன்னி

ரொறொன்ரோவிலிருந்து எழுதுகிறேன், சொந்த இடம் வற்றாப்பளை. இங்கே டாண்டம் பின் ஹப் (சில்லின் நடு உருளை) 145 மி.மீ. அகலம், 40 அல்லது 48 கம்பி. பிரேக் 203 மி.மீ. டிஸ்க். முன் கிராங்க் அச்சைச் சற்றுத் திருப்பிச் செயினை இறுக்கிக்கொள்ளலாம், அதற்கென்று மையம் விலகின கோப்பை வரும். சட்டத்தை நடுவில் புரி போட்டுக் கழற்றி இரண்டு சூட்கேசில் அடைத்துப் பிளேனில் கொண்டுபோகிறவர்களும் உண்டு. வைகாசியில் ஊருக்கு வருகிறேன். ஹப்பும் றிம்மும் கொண்டுவந்து தரட்டா? காசு வேண்டாம்.

---

இரணைமடு_அண்ணன்

பழைய ரலி அண்ணை, முறிகண்டியில் இரண்டு தரம் தவண்டு நட்டுத் தேடியதற்கு இன்றைக்குத்தான் காரணம் தெரிகிறது. நன்றி.

பனிக்குள் வன்னி, மனதுக்கு நிறைய நன்றி. ஆனால் 48 கம்பி ஹப்புக்கு 48 ஓட்டை றிம் வேண்டும். வாகரையில் றிம் நெளிந்தால் நான் யாரிடம் கேட்பேன்? வெளிநாட்டுச் சாமான் உடையாத வரைக்கும் நல்லது.

---

பழைய_ரலி

சரியாகச் சொன்னீர்கள். சில்லை முதலில் முடிவெடுங்கள். சட்டம் அதற்குப் பிறகு.

பழைய ரலிச் சைக்கிளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. பாரம் பின்னால் என்று வெள்ளைக்காரனுக்கே தெரியும். அந்த 28 அங்குல 40 கம்பிச் சில்லில் நாங்கள் விறகு, நெல் மூட்டை, ஒரு தரம் ஒரு பசுக்கன்று எல்லாம் ஏற்றியிருக்கிறோம். ஆனால் அது இரும்பு றிம். மழையில் பிரேக் கட்டை வழுக்கும், இரண்டு பேரோடு நிற்காது. கியரும் இலகுவில் வராது, அச்சு கட்டை.

ஆகவே 26 அங்குல மவுண்டன் சில்லு, இரட்டைச் சுவர் அலுமினிய றிம், 36 கம்பி. ரயரும் ரியூப்பும் முல்லைத்தீவிலிருந்து அம்பாந்தோட்டை வரைக்கும் எந்தச் சந்தியிலும் இருக்கும். 36 கம்பி போதுமா என்று கேட்பீர்கள். கடையில் பூட்டி வருகிற சில்லு போதாது. அதே சாமானை வாங்கிக் கழற்றி, ஒவ்வொரு கம்பியையும் சமமாக இறுக்கி, கையால் நெரித்து, திரும்ப இறுக்கினால் போதும். கம்பி பாரத்தால் முறிவது குறைவு. தளர்ந்து தளர்ந்து இறுகித்தான் முறியும், கம்பியை இங்கேயும் அங்கேயும் வளைத்து உடைப்பது போல.

பிரீவீல் (பின்சில்லின் பல்லுச்சக்கரம்) பூட்டுமுன் புரிக்குக் கிறீஸ் நன்றாகப் பூசுங்கள். இரண்டு பேர் மிதித்து இறுக்கின பிரீவீலை வழியில் கழற்ற ஆனை வேண்டும். வலப்பக்கக் கம்பி முறிந்தால் பிரீவீலைக் கழற்றாமல் புதுக் கம்பி போட முடியாது. பிரீவீல் கழற்றுகிற சாவி ஒன்று கையோடு கொண்டுபோங்கள். ஸ்பானரும் இரும்புக் குழாயும் எந்த லொறிக்காரனிடமும் இருக்கும்.

சட்டம்: ஸ்டாண்டர்ட் சைக்கிள் குழாய் மெல்லியது. கேற் ஒட்டுகிற ஆர்க்கில் பிடித்தால் குழாய் எரிந்து ஓட்டை விழும், அந்த ஓட்டையை மூட இன்னும் ஒட்டுவார், பக்கத்து இரும்பு நொறுங்கல் ஆகிவிடும். உங்கள் மயிர்க்கோடு அதுதான். காஸில் பித்தளைக் கம்பி வைத்து ஒட்டுகிறவரைத் தேடுங்கள். இரண்டு கிராங்குக்கும் நடுவில் கீழே தடித்த குழாய் ஒன்று. பிறகு, இதைத்தான் எல்லோரும் விடுவார்கள், முன் தலைக்குழாயிலிருந்து பின் கிராங்க் வரை சாய்வாக ஒரே நீளக் குழாய். அது இல்லாவிட்டால் முன்னுக்கு ஒருவர் வலக்காலை மிதிக்கும்போது பின்னுக்கு இருக்கிறவர் இடப்பக்கம் போவார், சாரைப்பாம்பு மாதிரி. கதிரை செய்கிற குழாய் வேண்டாம். தையல் இல்லாத குழாய், 1.5 மி.மீ. தடிப்பு.

---

முள்ளியவளை_ரீச்சர்

கணக்குப் படிப்பிக்கிறேன், சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். சட்டத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு கணக்கு.

செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ., அரை அங்குலம். முன்னும் பின்னும் 42 பல் என்றால் அரைவட்டம் இரண்டும் சேர்ந்து 42 கண்ணி. மிச்சம் இரண்டு கிராங்குக்கும் இடையிலான தூரத்தின் இரு மடங்கு. நீங்கள் 680 மி.மீ. வைத்தால் 107 கண்ணியும் 42 உம், மொத்தம் 149. செயின் ஒற்றை எண்ணில் தொடாது, உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் இரட்டை எண்தான் வேண்டும். 150 போட்டால் தொங்கும்.

686 மி.மீ. வையுங்கள். 108 உம் 42 உம், சரியாக 150. சுருக்கமாக, தூரம் 12.7 இன் மடங்காக இருக்கட்டும். 686 என்பது 54 மடங்கு, 27 அங்குலம். தம்பியின் முழங்காலுக்கும் உங்கள் முதுகுக்கும் இடம் கிடைக்கும்.

கடையில் வருகிற செயின் 116 கண்ணி. ஒன்றும் இன்னொன்றில் 34 உம் சேர்த்தால் முன்செயின் முடிந்தது. பின்செயினுக்கு ஒன்று. மூன்று வாங்கினால் மிஞ்சுகிற துண்டு வழிக்கு உதவும்.

---

இரணைமடு_அண்ணன்

ரீச்சர், 680 என்றுதான் வைக்கப் போனேன்! எப்படித் தெரியும்?

புதுச் செயினும் ஓட ஓட நீளுமே, அப்போது? வெளிநாட்டில் மாதிரித் திருப்புகிற கோப்பை எங்களிடம் இல்லை.

---

பழைய_ரலி

பழைய கியர் மாற்றியின் குட்டிச் சில்லு ஒன்றைக் கீழ்ப்பக்கச் செயினில் தட்டி வைத்து, நீள ஓட்டை உள்ள தகட்டில் பூட்டுங்கள். செயின் தளரத் தளரத் தள்ளி இறுக்கலாம். மேல்பக்கம் வைக்காதீர்கள். முன்னால் இருக்கிறவர் மிதிக்கும்போது இழுபடுவது மேல்செயின், அதில் வைத்தால் தகடு பிய்ந்து வரும்.

---

பனிக்குள்_வன்னி

கிராங்க் இரண்டையும் ஒரே கோணத்தில் வைக்கப் போகிறீர்களா, கால்வட்டம் தள்ளியா? தள்ளி வைத்தால் ஒருவர் கால் மேலே நிற்கும்போது மற்றவர் அமத்துவார், இழுவை சீராக வரும், செயினுக்கும் சுகம் என்பார்கள்.

---

இரணைமடு_அண்ணன்

இரண்டையும் செய்து பார்த்தோம், செயினை ஒரு பத்துப் பல் தள்ளிப் போட்டால் போதும்தானே. சீராகத்தான் போனது. ஆனால் புறப்படும்போது தம்பிக்கு என் கால் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. ஒரே கோணம் என்றால் தன் காலைக் கேட்டால் என் காலும் தெரியும் என்கிறான். ஒரே கோணம்.

---

ஓமந்தைச்_சந்தி

சரி, பஸ்ஸில் போக மாட்டீர்கள் என்று தெரிகிறது. அப்படியென்றால் பிரேக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? நீங்கள் இரண்டு பேரும் 130 கிலோ என்று வையுங்கள், சைக்கிள் 25, சாமான் 15. ஏ9 இல் புளியங்குளத்துக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தால் 170 கிலோ எப்படி நிற்கும்? இந்த நீளச் சைக்கிளை வெட்டித் திருப்பவும் முடியாது. சிறுபோக வெட்டு முந்தினால் பாதி றோட்டில் நெல் காயும், அதுக்குள் ஏறினால் மணலில் போவது போல.

---

பழைய_ரலி

இந்த மனுசன் முதல் தரம் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். இரண்டு சில்லுக்கும் வி-பிரேக், நல்ல கட்டை. கண்டி இறக்கம் என்றால் நானே வேண்டாம் என்பேன், றிம் சூடேறி ரியூப் வெடிக்கும். உங்கள் பாதையில் பெரிய இறக்கம் இல்லை. பின்பிரேக் கம்பிதான் பிரச்சினை, சைக்கிள் கடையில் விற்கிறது நீளம் காணாது. ஓட்டோ சாமான் கடையில் நீளக் கம்பி கேளுங்கள். உறை வளைவில்லாமல் நேராகப் போக வேண்டும், இல்லாவிட்டால் பிடி அமத்துவது உறையை நசிக்கத்தான் காணும்.

இரவில் ஓடாதீர்கள். ஓடத்தான் வேண்டுமென்றால் டைனமோ பூட்டுங்கள். யுத்தத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். சுற்றுகிற பொடியன் களைத்தால் செய்தி வாசிக்கிறவருக்கும் குரல் இறங்கும். இன்றைக்கும் டைனமோவைக் கண்டால் எனக்கு அதுதான் ஞாபகம்.

---

மட்டுநகர்_மிதிப்பான்

மூதூர் வாகரைப் பக்கம் நான் அடிக்கடி ஓடுகிற றோட்டு. முன்பு துறைக்குத் துறை பாதையில் (மிதவைப் படகில்) ஏறி இறங்க வேண்டும், கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். 396 மீற்றர். நீங்கள் வருகிற ஆடியில் சோளகம் அடிக்கும், பாலத்தில் பக்கக் காற்று. நீளச் சைக்கிளுக்குப் பக்கக் காற்று கூடாது, பையைக் கீழே தொங்கப் போடுங்கள், கரியரில் கோபுரம் கட்டாதீர்கள். பனிச்சங்கேணிப் பாலத்திலும் அப்படித்தான். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால் பத்து மணிக்குள் காற்றுக்கு முதலே பாதி முடியும். பொத்துவிலிலிருந்து மொனராகலை மெல்ல மெல்ல ஏற்றம், 34 பல் பிரீவீல் இருந்தால் இறங்காமல் போகலாம்.

புத்தலைக்கும் கதிர்காமத்துக்கும் நடுவில் மட்டும் சொல்வதைக் கேளுங்கள். அந்த றோட்டில் ஆனை வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கும். மோட்டார் சைக்கிளே திரும்பி ஓடும். உங்கள் சைக்கிள் திரும்புவதற்கு ஒரு வளவு வேண்டும். புத்தலையில் ஒரு சின்ன லொறி பிடித்து ஏற்றுங்கள்.

---

இரணைமடு_அண்ணன்

கடைசி 35 கிலோமீற்றரை லொறியில் போனால் அது என்ன யாத்திரை?

---

மட்டுநகர்_மிதிப்பான்

தம்பியையும் கேளுங்கள். ஆனை நிற்கிறதென்று நீங்கள் காண்பீர்கள், அவர் காணமாட்டார்.

---

பின்சீற்_தம்பி

தம்பி எழுதுகிறேன். போன் வாசித்துக் காட்டுகிறது, நானும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனை மணக்கும். அண்ணா காண்பதற்கு முதல் எனக்குத் தெரியும். ஆனாலும் லொறிதான் சரி என்று நினைக்கிறேன். முருகன் கணக்குப் பார்க்க மாட்டார்.

பின்சீற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். பின்னால் இருக்கிறவர் பின்சில்லுக்கு மேலேதான் இருக்கிறார், குழி முழுக்க முதுகில் வரும். கண் தெரிந்தவர் குழியைக் கண்டால் சீற்றிலிருந்து கொஞ்சம் எழும்புவார். எனக்கு அண்ணா சொல்ல வேண்டும். அண்ணா 'குழி' என்று சொல்வது குழி போன பிறகு. இப்போது ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்: 'குழி', 'விடு' (மிதிக்காதே), 'இறுக்கு', 'நிற்கிறேன்'. நாலு சொல்லுத்தான். ஐந்தாவது சொல் வந்தால் நான் சண்டை என்று எடுப்பேன். பழைய தோல் சீற் ஒன்று, கீழே சுருள் கம்பி உள்ளது, மாமா தந்தார். அது வந்த பிறகு நாரி தப்பியது.

ஏறுகிற முறையும் மாற்றினோம். முன்பு அண்ணா ஓட வெளிக்கிட நான் பாய்ந்து ஏறுவேன், டபிள்ஸ் போகிற மாதிரி. இப்போது அண்ணா இரண்டு காலையும் அகட்டி ஊன்றி இரண்டு பிரேக்கையும் பிடிப்பார். நான் முதலில் ஏறி இரண்டு பெடலிலும் கால் வைத்து, வலப் பெடலை அவருக்கு ஏற்ற உயரத்துக்குச் சுற்றிக் கொடுப்பேன். அவர் ஏறி மிதிப்பார். நிற்கும்போதும் நான் இறங்குவதில்லை. 'அவர் பாவம், ஏற்றிக்கொண்டு போகிறார்' என்று றோட்டில் சொல்கிறார்கள். அண்ணாவின் பக்கத்துச் செயின் தளர்ந்து நிற்பதை எத்தனை தரம் காலால் கண்டுபிடித்திருக்கிறேன் என்று அவரிடமே கேளுங்கள்.

---

பழைய_ரலி

தம்பி பெரியவர், உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சில்லைத் தூக்கிப் பிடித்து மெல்லச் சுற்றி, ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் தட்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் கேட்க வேண்டும். பின்சில்லில் பிரீவீல் பக்கம் சுருதி கூட, மற்றப் பக்கம் குறைய, அது சரி. ஒன்று மட்டும் மொட்டையாகக் கேட்டால் அது தளர்ந்தது. நான் கண்ணால் பார்த்துத்தான் நெளிவு எடுப்பேன், காது இப்போது மந்தம்.

---

இரணைமடு_அண்ணன்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

காஸ் ஒட்டுக்காரர் பரந்தனில் கிடைத்தார். 686 மி.மீ. வைத்தோம், 150 கண்ணி தொங்காமல் நின்றது. ரீச்சருக்குக் கச்சான் கடன். சாய்வுக் குழாய் போட்ட பிறகு பாம்பு நெளிவு இல்லை. நேற்று மாங்குளம் போய்த் திரும்பினோம். பெடல் கழரவில்லை. ஒட்டில் கோடு இல்லை, சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன்.

கம்பி ஒன்று மட்டும் முறிந்தது, போகும்போது கொக்காவிலுக்குக் கிட்ட. எனக்குத் தெரியாது. தம்பி 'விடு' என்றான், நிறுத்தினேன், 'பின்னுக்கு ஒன்று டிங் என்றது' என்றான். சில்லைச் சுற்றினேன், பிரேக் கட்டையில் கொஞ்சம் உரசியது. இடப்பக்கக் கம்பி என்பதால் பிரீவீல் கழற்றத் தேவைப்படவில்லை, நல்ல காலம். பாலை மர நிழலில் அரை மணித்தியாலம்.

இனி ஒரு கேள்வி. புத்தலையில் லொறிக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டுமா, சந்தியில் பிடிக்கலாமா?

---

மட்டுநகர்_மிதிப்பான்

சந்தியில் பிடிக்கலாம். திருவிழாக் காலம், எல்லாமே அங்கேதான் போகும். மட்டக்களப்பில் என் வீட்டில் இரண்டு இரவு நில்லுங்கள், சில்லை ஒரு தரம் பார்த்துவிட்டு விடுகிறேன்.

---

ஓமந்தைச்_சந்தி

முதல் நாள் ஓமந்தையைத் தாண்டும்போது நில்லுங்கள். சந்தியில் தேத்தண்ணி என் செலவு. அந்த ரயிலை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

---

இரணைமடு_அண்ணன்

நிற்கிறோம். இப்போது போக வேண்டும், தம்பி முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பி தட்டுகிறான். பதினாலாவது இன்னும் மொட்டையாம்.